வரப்புத் தகராறு எஃப்.ஐ.ஆரில் என் பெயர் இருக்கிறது. நான் போலீஸ் ஆக முடியுமா?

கேள்வி:

வணக்கம் மேடம். எனக்கு 22 வயது, பி.காம். முடித்திருக்கிறேன். இளையான்குடி பக்கம் ஒரு கிராமம். அப்பா மிளகாய் விவசாயம். சின்ன வயதிலிருந்தே போலீஸ் ஆக வேண்டும் என்று ஆசை. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். போன வருடம் எங்கள் பங்காளி வீட்டாரோடு வரப்புத் தகராறு வந்து கைகலப்பாகிவிட்டது. அவர்கள் கொடுத்த புகாரில் அப்பா, அம்மா, அண்ணனோடு நாலாவதாக என் பெயரையும் சேர்த்துவிட்டார்கள். அன்று நான் ஊரிலேயே இல்லை. கல்லூரியில் செமஸ்டர் தேர்வு எழுதிக்கொண்டிருந்தேன். கேஸ் இன்னும் கோர்ட்டுக்குப் போகவில்லை. இப்போது ஊர்ப் பெரியவர்கள் இரண்டு வீட்டையும் உட்கார வைத்துப் பேசிவிட்டார்கள். 'கோர்ட்டில் அவர்கள் மாற்றிச் சொல்லிவிடுவார்கள், கேஸ் தானாகப் போய்விடும்' என்கிறார்கள். விண்ணப்பத்தில் இதைச் சொல்லாமல் விட்டுவிடலாமா? சொன்னால் வேலை கிடைக்காதா? பரமக்குடியில் ஒருவர், மூன்று லட்சம் கொடுத்தால் வெரிஃபிகேஷன் வரை தானே பார்த்துக்கொள்வதாக அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். என் உயரம் 159.5 செ.மீ. கிரவுண்டுக்கும் எழுத்துத் தேர்வுக்கும் எப்படித் தயாராவது? அகாடமியில் சேர வசதி இல்லை. அம்மாவுக்கு இந்த வேலையே பிடிக்கவில்லை.

பெயர் வேண்டாம், சிவகங்கை மாவட்டம்

பதில் தருபவர்: ஓய்வுபெற்ற பெண் காவல் ஆய்வாளர்

அன்புள்ள மகளுக்கு,

என் சின்ன மகளைவிட நீ இளையவள். அதனால் 'நீ' என்றே எழுதுகிறேன். நீ கேட்ட வரிசையில் பதில் சொல்லப்போவதில்லை. முதலில் அந்த வழக்கைப் பேசிவிடுவோம். ஓட்டம் சரியில்லை என்றால் மூன்று மாதத்தில் சரிசெய்துகொள்ளலாம். பெரியவர்கள் சொல்கிற வழியில் உன் வழக்கு முடிந்துவிட்டால் அதைச் சரிசெய்வது மிகவும் கஷ்டம். உன் கடிதத்தில் என்னைப் பதற வைத்தது அந்த ஒரு வரிதான்.

'மாற்றிச் சொல்லிவிடுவார்கள், கேஸ் போய்விடும்.' இப்படி மாற்றிச் சொல்பவரைப் பிறழ் சாட்சி என்பார்கள். கேஸ் போகும், அது உண்மை. அப்பாவுக்கும் அண்ணனுக்கும் அதோடு நிம்மதி. உனக்கு மட்டும் அது போதாது. தமிழ்நாடு சிறப்புக் காவல் சார்நிலைப் பணி விதிகளில் 14(பி) என்று ஒரு விதி இருக்கிறது. போலீஸ் வெரிஃபிகேஷனுக்கு முன்பு எந்தக் குற்ற வழக்கிலும் சம்பந்தப்பட்டிருக்கக் கூடாது என்கிறது அது. அதன் கீழே இரண்டு விளக்கங்கள் இருக்கின்றன. முதல் விளக்கத்தின்படி, சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுவிக்கப்பட்டவரும், புகார்தாரர் பிறழ் சாட்சியாகிவிட்டதால் விடுவிக்கப்பட்டவரும் வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார்கள். 2008-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வும் இந்த விதியின் பக்கமே நின்றது. புரிகிறதா? ஊர்ப் பெரியவர்கள் நல்ல மனதோடு திறந்துவிடுகிற அந்தக் கதவுதான் உனக்கு மூடுகிற கதவு.

இரண்டாவது விளக்கம் உனக்குச் சாதகமானது. வெரிஃபிகேஷன் நேரத்தில் வழக்கு நிலுவையில் இருந்து, பிறகு கௌரவமான விடுதலையாகவோ (குற்றம் செய்யவே இல்லை என்று விடுவிப்பது), பொருண்மைப் பிழை, அதாவது புகாரில் சொன்ன விவரமே தவறு, என்று விசாரணையிலேயே முடிக்கப்பட்டோ தீர்ந்தால், சம்பந்தப்படாதவராகக் கருதப்படுவார். ஆனால் அந்த வருடத்துத் தேர்விலேயே வேலை கேட்க முடியாது. அடுத்த தேர்வில் மறுபடி எழுதி, மறுபடி ஓடித்தான் வர வேண்டும். எத்தனையோ பிள்ளைகள் எல்லாவற்றிலும் தேறி, இந்த ஒன்றால் மட்டும் ஒரு வருடம், இரண்டு வருடம் என்று இழந்ததை நான் பார்த்திருக்கிறேன். வழக்கை இப்போதே கையில் எடு என்று நான் சொல்வது அதனால்தான்.

உனக்குக் கிடைத்த பெரிய ஆதாரம், அன்று நீ தேர்வு எழுதியது. வேறு எந்தக் காரணம் சொன்னாலும் 'வீட்டில்தான் இருந்தாள்' என்று ஒருவர் மறுத்துவிட முடியும். தேர்வுக்கூட வருகைத்தாளில் உன் கையெழுத்து இருக்கிறது, உன் பதிவெண் இருக்கிறது, கண்காணிப்பாளர் கையெழுத்தும் இருக்கிறது. அந்தத் தாளின் நகலும், 'இன்ன தேதியில் இன்ன நேரம் முதல் இன்ன நேரம் வரை தேர்வு எழுதினார்' என்று கல்லூரி முதல்வர் தரும் கடிதமும், ஹால் டிக்கெட்டும் வேண்டும். அந்தக் காலத்துப் பஸ் பாஸ் கையில் இருந்தால் அதையும் சேர். எஃப்.ஐ.ஆர். நகல் இல்லையென்றால் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் குற்ற எண், வருடம், காவல் நிலையம் போட்டு எடுக்கலாம். அதில் சம்பவம் நடந்ததாகச் சொல்லும் நேரத்தைத் தேர்வு நேரத்தோடு ஒப்பிட்டுப் பார். வரப்புத் தகராறு என்றால் பெரும்பாலும் பி.என்.எஸ். என்கிற புதிய குற்றவியல் சட்டத்தின் 296(பி), 115(2), 351(2) என்ற மூன்று பிரிவுகள்தான் இருக்கும். ஆபாசமாகத் திட்டியது, அடித்துக் காயப்படுத்தியது, மிரட்டியது. பழைய சட்டத்தில் 294(பி), 323, 506(1) என்று எங்கள் நிலைய எழுத்தர்கள் தூக்கத்திலும் எழுதுகிற வரிசை.

இவை எல்லாவற்றையும் வைத்து, விசாரணை அதிகாரிக்கு ஒரு மனு கொடு. மனுவில் கோபம் வேண்டாம், பங்காளி வீட்டாரைப் பற்றிக் குறை வேண்டாம். 'சம்பவ நேரத்தில் நான் அங்கே இல்லை, இன்னின்ன ஆதாரம் இணைத்திருக்கிறேன், விசாரித்து இறுதி அறிக்கையில் என் பெயரை நீக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்' என்பது போதும். ஒப்புகை வாங்காமல் வராதே. அதே மனுவைப் பதிவுத் தபாலில் டி.எஸ்.பி.க்கும் எஸ்.பி.க்கும் அனுப்பு. நான் விசாரித்த வழக்குகளிலேயே இப்படிப் பெயர் நீக்கியிருக்கிறேன். குடும்பச் சண்டைப் புகாரில் வீட்டில் இருக்கும் எல்லாப் பெயரையும் எழுதித் தருவது ஊர் வழக்கம் என்று எங்களுக்கும் தெரியும். ஆனால் ஆதாரத்தோடு யாராவது வந்து கேட்டால்தான் ஃபைலில் அது ஏறும்.

இன்னும் கோர்ட்டுக்குப் போகவில்லை என்று எழுதியிருக்கிறாய். அது உண்மையா என்று முதலில் உறுதிசெய்துகொள். குற்றப்பத்திரிகை தாக்கலாகி, சம்மன் வராமல் இருப்பதும் உண்டு. தாக்கலாகிவிட்டது என்றாலோ, மனுவுக்குப் பதில் வரவில்லை என்றாலோ, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில், பி.என்.எஸ்.எஸ். என்கிற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 528-வது பிரிவின் கீழ் உன் மீதான நடவடிக்கையை ரத்துசெய்யக் கேட்கலாம். அங்கே உன் வழக்கறிஞரிடம் நீ திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: 'சமாதானமாகிவிட்டோம் என்று கேட்காதீர்கள், நான் அங்கே இல்லவே இல்லை என்று கேளுங்கள்.' வழக்கறிஞருக்கு எல்லாரையும் சேர்த்து ஒரே சமரச மனுவில் முடிப்பது சுலபமாகத் தெரியலாம். நீ தனியாக, உன் உண்மையின் பேரில் வெளியே வர வேண்டும். எதற்காக என்பதை அவரிடம் வெளிப்படையாகச் சொல். 'நான் காவலர் தேர்வு எழுதுகிறேன், 14(பி) இருக்கிறது' என்று சொன்னால் புரிந்துகொள்வார்.

வழக்கறிஞருக்குப் பணம் இல்லை என்று தயங்காதே. 1987-ஆம் வருடச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-வது பிரிவின்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. சிவகங்கை மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் போய்க் கேள்.

இனி, விண்ணப்பத்தில் மறைக்கலாமா என்ற கேள்வி. மறைக்காதே. வெரிஃபிகேஷன் எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் நீயே இதைக் கேட்டிருக்க மாட்டாய். நீ பூர்த்திசெய்து தருகிற படிவம் உன் ஊர்க் காவல் நிலையத்துக்கு வரும். எஃப்.ஐ.ஆர். போட்ட அதே நிலையத்துக்குத்தான். அங்கே பதிவேட்டைப் பார்ப்பார்கள், வழக்கு விவரங்கள் எல்லாம் ஏறியிருக்கும் சி.சி.டி.என்.எஸ். என்ற காவல்துறைக் கணினி வலையில் பெயரையும் அப்பா பெயரையும் போட்டுத் தேடுவார்கள், ஊரில் நாலு பேரை விசாரிப்பார்கள். அந்த நாலு பேரில் ஒருவர் உன் பங்காளியாகக்கூட இருக்கலாம்.

காவலர் பயிற்சிப் பள்ளியில் நான் சட்ட வகுப்பு எடுத்த காலத்தில் ஒரு பெண் இருந்தாள். கயிறு, துப்பாக்கி, பரேட் எல்லாவற்றிலும் முதலாவது. நாலாவது மாதத்தில் ஒருநாள் அவளை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். தெருச் சண்டை ஒன்றில் அவள் பெயர் இருந்தது. படிவத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தாள். வழக்கு ஒன்றுமில்லாத வழக்கு. ஆனால் அவளைத் திருப்பி அனுப்பிய உத்தரவில் வழக்கைப் பற்றி ஒரு வரி, மறைத்ததைப் பற்றி ஒரு பக்கம். டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் வாசலைத் தாண்டிப் போனதை அந்த பேட்ச் முழுவதும் ஜன்னல் வழியாகப் பார்த்தது. அவளுக்கு யாரோ ஒரு சொந்தக்காரர் 'சின்ன கேஸ்தானே, எழுத வேண்டாம்' என்று சொல்லியிருக்கிறார். இன்றைக்கும் எனக்கு அந்த மனிதர் மேல்தான் கோபம்.

2016-இல் அவ்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு இதைத் தெளிவாகப் பேசியிருக்கிறது. குற்ற வழக்கு பற்றிக் கேட்டால் உண்மையைத்தான் சொல்ல வேண்டும். உண்மையைச் சொன்னவரின் வழக்கு எப்படிப்பட்டது, எவ்வளவு அற்பமானது என்பதையெல்லாம் நியமிக்கும் அதிகாரி எடைபோட்டுப் பார்க்கலாம். உடனே வேலை கொடுத்தாக வேண்டும் என்று அது சொல்லவில்லை. ஆனால் உண்மையைச் சொன்னவளுக்குப் பேச ஒரு இடம் இருக்கிறது. அதனால் படிவத்தில் குற்ற எண், பிரிவுகள், நிலையம், இப்போதைய நிலை என எல்லாவற்றையும் எழுது. பெயர் நீக்கப்பட்டிருந்தால் அதையும் எழுதி, நகலை இணை. 'நீக்கிவிட்டார்களே, இனி எதற்கு' என்று அந்தக் கட்டத்தை வெறுமையாக விடாதே.

பரமக்குடிக்காரரைப் பற்றி. அவரால் ஒன்றும் செய்ய முடியாது. எழுத்துத் தேர்வு ஓ.எம்.ஆர். தாளில் நடக்கிறது, ஓட்டமும் தாண்டுதலும் எல்லார் கண் முன்னால் அளக்கப்படுகின்றன. இந்த மாதிரி ஆட்கள் பத்துப் பேரிடம் வாங்குவார்கள். அதில் இரண்டு பேர் சொந்த முயற்சியில் தேறுவார்கள். அந்த இரண்டு பேர் கொடுத்த பணத்தைத் தாங்கள் வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்குத் தவணை சொல்லிக்கொண்டே இருப்பார்கள் இந்த ஆட்கள். அப்பா மிளகாய் விற்ற காசை ஒரு ரூபாய்கூட அவரிடம் கொடுக்க விடாதே. கொடுத்தால், லஞ்சம் கொடுத்து வேலை வாங்க முயன்ற இன்னொரு வழக்கில் உங்கள் வீட்டுப் பெயர் ஏறும்.

சரி, கிரவுண்டுக்கு வருவோம். அங்கேதான் எனக்கும் உற்சாகம்.

உயரம் முதலில். பொதுப்பிரிவு, பி.சி., எம்.பி.சி. பெண்களுக்கு 159 செ.மீ., எஸ்.சி., எஸ்.டி. பெண்களுக்கு 157. நீ எந்தப் பிரிவு என்று எழுதவில்லை. 159 என்றே வைத்துக்கொண்டாலும் உன்னிடம் அரை சென்டிமீட்டர் மிச்சம் இருக்கிறது. ஆனால் எப்போது அளந்தாய்? காலையில் எழுந்ததும் அளந்தால் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், நாள் முழுக்க நின்று நடந்த பிறகு ஒரு சென்டிமீட்டர் வரை குறையும். அதனால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு சாயங்காலம், செருப்பில்லாமல், கொண்டையும் கிளிப்பும் இல்லாமல் அளந்து பார். அப்போதும் 159 வந்தால் கவலையே வேண்டாம். அளக்கும் நாளில் குதிகால், முதுகு, பின்தலை மூன்றும் கம்பத்தில் படும்படி நில். பயத்தில் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்று, இருக்கிற உயரத்தையே இழந்த பிள்ளைகள் உண்டு. அளவில் சந்தேகம் என்றால் அந்த இடத்திலேயே அதிகாரியிடம் மரியாதையாக மறு அளவு கேள். வெளியே வந்து அழுது பயனில்லை.

அடுத்தது 400 மீட்டர் தகுதி ஓட்டம். பெண்களுக்கு 2 நிமிடம் 30 விநாடி. கணக்குப் போட்டுப் பார்: 100 மீட்டருக்கு 37.5 விநாடி. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூட இந்த வேகத்தில் ஓடும். பிறகு ஏன் தோற்கிறார்கள்? விசில் ஊதியதும் முதல் 150 மீட்டரை நூறு மீட்டர் பந்தயம் மாதிரி ஓடிவிடுகிறார்கள். மூச்சு வாங்கி, கால் கனத்து, கடைசி நூறில் நடக்கிறார்கள். நான் எல்லைக்கோட்டில் நின்ற நாட்களில் தொண்டை வறளக் கத்தியிருக்கிறேன், 'மெதுவா போ, மெதுவா போ' என்று. அந்த நேரத்தில் யார் காதிலும் விழாது. அதனால் பழக்கத்திலேயே உடம்புக்கு அந்த வேகத்தைச் சொல்லிக்கொடு. முதல் நூறு 32 விநாடி, அதன் பிறகு ஒரே சீராக. இரண்டு நிமிடத்துக்குள் முடிக்கிற அளவுக்குப் பழகிவிட்டால், அன்று வயிறு சரியில்லாமல் இருந்தாலும் நீ தேறிவிடுவாய்.

உங்கள் பக்கம் மைதானம் இல்லையே என்று நினைக்காதே. கண்மாய்க் கரையில் ஒரு கயிற்றை வைத்து 100 மீட்டர் அளந்து கல் நடு. மேலும் கீழும் இரண்டு முறை ஓடினால் 400. கருவேல முள் கிடக்கிற இடம், வெறுங்காலோடு ஓடாதே. பரமக்குடி, மானாமதுரை பக்கம் போனால் வைகை மணல் இருக்கிறது. வாரம் ஒருநாள் மணலில் ஓடினால் கெண்டைக்கால் வலுவாகும். ஆனால் நேரம் பார்ப்பது கெட்டித் தரையில்தான். புது ஷூவைத் தேர்வு நாளில் முதல்முறையாகப் போடாதே.

இதில் தேறியவர்களுக்குத்தான் மதிப்பெண் உள்ள மூன்று போட்டிகள். நீளம் தாண்டுதல் ஒன்று. குண்டு எறிதல் அல்லது கிரிக்கெட் பந்து எறிதல், இதில் ஒன்று. 100 மீட்டர் அல்லது 200 மீட்டர் ஓட்டம், இதில் ஒன்று. மூன்றும் சேர்ந்து 24 மதிப்பெண். எட்டுகிற அளவைப் பொறுத்து ஒரு ஸ்டார், இரண்டு ஸ்டார் என்று தருவார்கள், ஸ்டார் கூடினால் மதிப்பெண் கூடும். நீளம் தாண்டுதலில் 3 மீட்டர் என்றால் ஒரு ஸ்டார், 3.75 என்றால் இரண்டு ஸ்டார். 100 மீட்டரில் 17.5 விநாடிக்கு ஒன்று, 15.5-க்கு இரண்டு. இந்த அளவுகளையெல்லாம் அந்தந்த வருடத்து அறிவிக்கையில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்.

ஒரு ஸ்டாரோடு திருப்தி அடைந்துவிடாதே. எழுத்துத் தேர்வில் ஒரு மதிப்பெண்ணுக்கு நாலு புத்தகம் புரட்ட வேண்டும். நீளம் தாண்டுதலில் கால் வைக்கும் பலகையைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டாலே அதைவிட அதிகம் கிடைக்கும். தாண்டுகிற பலம் எல்லாருக்கும் இருக்கிறது. ஓடிவந்து பலகைக்கு ஒரு அடி முன்னாலேயே தாண்டி 30 சென்டிமீட்டரை வீணாக்குவதும், பலகையைத் தாண்டிக் கால் வைத்து ஃபவுல் ஆவதும்தான் தொல்லை. எத்தனை அடி ஓடிவந்தால் உன் கால் பலகையில் விழுகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள். ஒவ்வொரு முறையும் அதே இடத்திலிருந்து, அதே காலை முன்வைத்து ஓடு. குண்டு நாலு கிலோ. அதைக் கையால் எறியப் பார்த்தால் தோள் பிசகும். முழங்காலை மடக்கி எழும்பித் தள்ள வேண்டும். உன் பழைய பள்ளிக்கூடத்து உடற்கல்வி ஆசிரியரைப் போய்ப் பார். இரண்டு சாயங்காலம் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டால் எந்த பி.டி. வாத்தியாரும் மறுக்க மாட்டார்.

ஒரு பெண்ணாக உனக்கு மட்டும் சொல்ல வேண்டிய இரண்டு விஷயங்கள். ஒன்று, ரத்தத்தில் ஹீமோகுளோபின் பார்த்துவிடு. 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. என்ன ஓடினாலும் மூச்சு இரைக்கும், சோம்பேறி என்று நம்மை நாமே திட்டிக்கொள்வோம். சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரை இலவசமாகத் தருவார்கள். முருங்கைக்கீரை, கேழ்வரகு வீட்டிலேயே இருக்கும். இரண்டு, கிரவுண்டு தேதி மாதவிடாய் நாளில் விழலாம். தேதியை நம்மால் மாற்ற முடியாது. அதனால் பழகும்போது அந்த நாட்களிலும் மெதுவாகவாவது ஓடிப் பார். எதைக் கட்டிக்கொண்டு ஓடினால் சௌகரியம், எப்போது சாப்பிட்டால் வயிறு வலி குறைகிறது என்று உனக்கே தெரிந்துவிடும். எங்கள் காலத்தில் இதையெல்லாம் சொல்ல ஆள் இல்லை.

எழுத்துத் தேர்வைப் பற்றி நீ நினைக்கிற அளவுக்கு நான் பயப்படவில்லை, பி.காம். முடித்தவள் நீ, தேர்வோ பத்தாம் வகுப்புத் தரம். முதலில் தமிழ் மொழித் தகுதித் தேர்வு, 80 கேள்வி. அதில் 32 எடுத்தால் போதும், அந்த மதிப்பெண் ரேங்கில் சேராது. ஆனால் 32 வரவில்லை என்றால் உன் முதன்மைத் தேர்வுத் தாளையே திருத்த மாட்டார்கள். 'தமிழ்தானே' என்று விட்டுவிட்டு இதில் விழுந்தவர்களும் இருக்கிறார்கள். முதன்மைத் தேர்வு 70 மதிப்பெண். பொது அறிவு 45, உளவியல் 25. உளவியல் என்ற பெயரைப் பார்த்து மிரளாதே. எண் தொடர், தர்க்கம், அட்டவணை பார்த்துப் பதில் சொல்வது, அவ்வளவுதான். தினமும் அரை மணி நேரம் இதைப் போட்டுக்கொண்டே வா, ஒருநாளும் விடாதே. பொது அறிவுக்கு ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையுள்ள அரசுப் பாடப்புத்தகங்கள். கைடு வாங்குவதற்கு முன்னால் இவற்றை முழுதாக ஒரு தடவை வாசி. பழைய வினாத்தாள்களை 80 நிமிடம் கடிகாரம் வைத்து எழுது. எழுத்துத் தேர்வு 70, கிரவுண்டு 24, என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றிதழ்களுக்கு 6, மொத்தம் 100. கல்லூரியில் என்.எஸ்.எஸ்.ஸில் இருந்திருந்தால் சான்றிதழை இப்போதே வாங்கி வை.

சான்றிதழ்களில் இன்னொன்று பலருக்குத் தெரியாமல் போகிறது. ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்திருந்தால் 20 சதவீத ஒதுக்கீடு உண்டு. அதற்கு நீ படித்த ஒவ்வொரு பள்ளியிலும் உரிய படிவத்தில் சான்று வாங்க வேண்டும். தொடக்கப் பள்ளியில் பழைய பதிவேட்டைத் தேடி எடுக்க நாள் ஆகும், கடைசி வாரத்தில் போய் நிற்காதே. ஆதாரிலும் பத்தாம் வகுப்புச் சான்றிலும் பெயர், இனிஷியல், பிறந்த தேதி ஒன்றாக இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள். வயதைப் பற்றிக் கவலை இல்லை. பொதுப்பிரிவுக்கு 26, பி.சி., எம்.பி.சி.க்கு 28, எஸ்.சி., எஸ்.டி.க்கு 31 வரை இருக்கிறது. வழக்கைச் சரியாக முடிக்க ஒரு தேர்வைத் தவறவிட நேர்ந்தாலும் உனக்கு வருடங்கள் இருக்கின்றன.

அகாடமி வேண்டாம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தன்னார்வப் பயிலும் வட்டம் என்று நடத்துகிறார்கள். சீருடைப் பணியாளர் தேர்வுக்கு அங்கே இலவச வகுப்பு உண்டு. உன்னைப் போலப் படிக்கிற இரண்டு மூன்று பெண்பிள்ளைகள் அங்கே கிடைப்பார்கள். விடிகாலையில் கண்மாய்க் கரையில் தனியாக ஓடுவதைவிட மூன்று பேராக ஓடுவது உனக்கும் நல்லது, அம்மாவுக்கும் நிம்மதி.

அம்மாவுக்கு ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டாயா? என் அம்மாவும் பிடிக்கவில்லை என்றார். ராத்திரி டியூட்டி, வெயிலில் நிற்பது, கல்யாணம். அவர் சொன்னதில் பாதி உண்மையாகத்தான் இருந்தது. தேறியதும் ஊர்ப் பக்கத்துக் காவல் நிலையத்தில் உட்கார்ந்துவிட மாட்டாய், முதலில் ஆயுதப்படை. பாரா என்கிற காவல் நிற்பது, கைதி வழிக்காவல், திருவிழா பந்தோபஸ்து. பந்தோபஸ்தில் எட்டு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் நின்றிருக்கிறேன், பக்கத்தில் கழிப்பறை இல்லை என்பதால். இப்போது சில விஷயங்கள் மாறியிருக்கின்றன. முக்கியப் பிரமுகர்கள் போகும் சாலையில் பெண் காவலர்களை நிறுத்த வேண்டாம் என்று 2021-இல் உத்தரவு வந்தது. அதே வருடம் வார விடுப்பும் வந்தது. பிரசவ விடுப்பு முடிந்து வருகிறவர்களுக்கு, பெற்றோரோ கணவர் வீட்டாரோ இருக்கும் ஊரில் மூன்று வருடம் பணி என்று 2024 ஆகஸ்டில் அறிவித்தார்கள். அடிப்படைச் சம்பளம் 18,200-இல் தொடங்கும், அகவிலைப்படி முதலியவை தனி. நீ பட்டதாரி என்பதால் வேலையில் இருந்துகொண்டே எஸ்.ஐ. தேர்வும் எழுதலாம், துறையில் இருப்பவர்களுக்கு அதில் 20 சதவீதம் ஒதுக்கியிருக்கிறார்கள். இதையெல்லாம் கஷ்டத்தையும் சேர்த்தே அம்மாவிடம் சொல். பாதியை மறைத்துச் சொன்னால், முதல் தீபாவளிக்கு நீ வீட்டுக்கு வர முடியாதபோது அவருக்கு மனது உடைந்துபோகும். முடிந்தால் பக்கத்து மகளிர் காவல் நிலையத்துக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போ. அங்கே இருக்கும் ஒரு பெண் காவலரிடம் அம்மாவே பேசட்டும்.

இந்த வாரத்துக்கு உனக்கு ஒரே வேலைதான். கல்லூரிக்குப் போய்த் தேர்வுக் கட்டுப்பாட்டுப் பிரிவில் அந்த நாள் வருகைத்தாளின் நகலுக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடு. பழைய தாள்களை எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும், தாமதிக்காதே. கிடைத்ததும் நாலு நகல் எடுத்து, ஒன்றை வீட்டில் வைத்துக்கொண்டு மற்றதை மனுவோடு கொண்டுபோ. அதுவரை, பெரியவர்கள் பேசிவைத்த சமாதானத்தில் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதே. 'வழக்கறிஞரைப் பார்த்துவிட்டு வருகிறேன்' என்று மட்டும் சொல்.